நீர்க்கட்டிக்கு வயல் இருக்கக் கூடாது

1

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ் ஏறி உட்காருங்கள். பக்கத்து சீட்டுப் பெரியவர் பைபாஸ் தாண்டுவதற்குள் பேச்சுக் கொடுப்பார். "தம்பிக்கு எந்த ஊரு?" சொல்கிறீர்கள். "அங்க யாரு வீடு?" அதையும் சொல்கிறீர்கள். "ஊர்ல எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கெழக்கயா, மேக்கயா?" நாலாவது கேள்வி கிடையாது. பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

சாதி என்கிற வார்த்தையே வரவில்லை, கவனித்தீர்களா? உறையைப் பிரிக்காமல், முகவரியையும் கனத்தையும் வைத்தே உள்ளே இருக்கிற கடிதத்தைப் படித்துவிடுகிற இந்தக் கலையில் நம்மூர்க்காரனை மிஞ்ச ஆளில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது செல்போன் கோபுரமும் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

பொறியாளர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் 'உள்ளடக்கம் அறிந்த வளப் பங்கீடு'. உங்கள் போனுக்குப் போவது வீடியோவா, பேச்சா, வாட்ஸப் செய்தியா, பணப் பரிமாற்றமா என்று கோபுரம் அடையாளம் கண்டு, அதற்குத் தக்கபடி அலையைப் பங்கிட்டுக் கொடுப்பது. இன்றைக்குப் பெரும்பாலான தகவல் பூட்டுப்போட்டுத்தான் போகிறது. பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு பெரிசு, எத்தனை இடைவெளி விட்டு வருகிறது என்பதைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். எந்த ஊரு, யாரு வீடு, எந்தப் பக்கம்?

நோக்கம் 'பயனர் அனுபவத்தை மேம்படுத்துதல்' என்கிறார்கள். நான் இந்தத் தொழில்நுட்பத்தை எதிர்த்து எழுத வரவில்லை. ரேஷன் அரிசியும், கூலியும், உதவித்தொகை விண்ணப்பமும், தேர்வு முடிவும் இந்த அலையில்தான் வருகின்றன. "கம்ப்யூட்டர் சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது. நான் கேட்பது, இதில் பயனர் என்பவர் யார், யாருடைய அனுபவம் மேம்படுகிறது, பங்கிடுகிறவன் யாருடைய ஆள் என்பதுதான்.

2

அலை என்பது கண்மாய்த் தண்ணீர் மாதிரி. அளவு உண்டு. 4ஜி-யில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசை ஒன்றை 100 துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை, இந்த 100 துண்டில் யாருக்கு எத்தனை என்று கோபுரத்திலிருக்கிற ஒரு மென்பொருள் முடிவு செய்கிறது. ஒரு நொடிக்குள் ஆயிரம் முறை மடை திறந்து மூடுகிறது.

மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் இந்த வேலையைச் செய்தவரை நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் சொல்வார்கள். பல ஊர்களில் அவர் நம் ஆள். ஏன் நம் ஆள்? ஆயக்கட்டில் அவருக்கு நிலம் கிடையாது. நிலமில்லாதவன் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்ள மாட்டான், ஆகவே நடுநிலையாகப் பங்கிடுவான் என்பது ஊர்க்கணக்கு. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சியவன் வீட்டில் சோறில்லை என்பதும், அந்த வேலை சாதியோடு கட்டப்பட்டது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த அநியாயத்துக்குள்ளே ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. தண்ணீர் பங்கிடுகிறவனுக்கு அந்தக் கண்மாயில் வயல் இருக்கக் கூடாது. இதை மனசில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

கண்மாயில் கடைமடை உண்டு, கோபுரத்துக்கும் உண்டு. பக்கத்தில் இருக்கிற போனுக்கு ஒரு துண்டு அலையில் நிறையத் தகவலை ஏற்றி அனுப்பலாம். எல்லையில், சுவருக்குப் பின்னால், சிறுமலை அடிவாரத்து மறைவில் இருக்கிற போனுக்கு அதே துண்டில் கொஞ்சம்தான் போகும். ஒரே அளவு தகவல் போய்ச்சேர அவனுக்குப் பல மடங்கு துண்டுகள் வேண்டும். அப்படியானால் 'மொத்த மகசூல்' கூட வேண்டுமென்று நினைக்கிற நிறுவனம் என்ன செய்யும்? தலைமடைக்கே பாய்ச்சும். அறிக்கையில் சராசரி வேகம் அமோகமாக இருக்கும். இது அநியாயம் என்று பொறியாளர்களுக்கும் தெரியும். அதனால்தான் இதுவரை குறைவாகப் பெற்றவனுக்கு முன்னுரிமை கொடுக்கிற விகித முறையை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கடைமடை கடைமடைதான்.

கோபுரம் நிற்க நிலம் வேண்டும், இல்லாவிட்டால் மொட்டைமாடி வேண்டும். வாடகைக்கு விட நிலமும் மாடியும் ஊரில் யாரிடம் இருக்கின்றன? காலனி எந்தப் பக்கம் இருக்கிறது? ஒவ்வொரு ஊரிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கணக்கெடுக்க வேண்டிய கேள்வி இது என்கிறேன்.

3

கண்ணை மூடிக்கொண்டு பங்கிடுகிற முறைக்கு ஒருவன் கிரிக்கெட் பார்ப்பதும் தெரியாது, ஒருத்தி ரேகை வைத்துக் காத்திருப்பதும் தெரியாது. இங்கேதான் உள்ளடக்கம் அறியும் முறைக்கு நியாயமான ஒரு வாதம் இருக்கிறது.

உள்ளங்கை அகலத் திரையில் 1080 வரி வீடியோவுக்கும் 480 வரி வீடியோவுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கொஞ்சம். அலைச்செலவில் வித்தியாசமோ பல மடங்கு. படம் முன்கூட்டியே கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது, சில விநாடி தாமதித்தாலும் நிற்காது. பேச்சு அப்படியல்ல. அளவில் சிறிசு, ஆனால் காத்திருக்காது. ரேகைச் சரிபார்ப்பு இன்னும் சிறிசு. ஒரு நிமிஷ வீடியோவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆக, நிறைய வைத்திருப்பவனிடம் கொஞ்சம் எடுத்தால் அவனுக்கு வலிக்காது. அந்தக் கொஞ்சத்தில் பத்துப் பேருக்கு வேலை முடியும்.

முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2020 மார்ச் 24 அன்று, நாடு முழுக்க ஊரடங்கு அறிவித்த நாளில், இந்தியாவில் வீடியோ நடத்துகிற பெரிய நிறுவனங்கள் கூடி, செல்போன் இணைப்பில் 480 வரிக்கு மேல் அனுப்புவதில்லை, ஏப்ரல் 14 வரை இது நடக்கும் என்று அறிவித்தன. நெட்பிளிக்ஸ், கூகுள், ஃபேஸ்புக், ஹாட்ஸ்டார் எல்லாம் அதில் உண்டு. யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் குறைத்து ஒதுக்கிய இடத்தில் யாரை உட்கார வைப்பது என்று பேசிய குரல் என் காதில் விழவில்லை. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது 2021 நவம்பர் 1-ல். அதுவரை ஆன்லைன் வகுப்பு என்று சொல்லி, அண்ணன் தம்பி மூன்று பேருக்கு ஒரு போனோடு டவரைத் தேடிப் பாறைமேல் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளின் 'பயனர் அனுபவம்' எந்த ஆய்வில் ஏறியிருக்கிறது?

இந்தத் துறையில் அனுபவத்துக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிற வழக்கம் உண்டு. படம் தெளிவாக ஓடினால் 5. சுத்திக்கொண்டே இருந்தால் 1. நான் பார்த்த ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன், நீங்களே மதிப்பெண் போடுங்கள்.

நிலக்கோட்டைப் பக்கமிருந்து ஓர் அக்கா எங்கள் கவுண்டருக்கு வந்தார். பூப் பறிக்கிற வேலை. அவர் ஊரிலேயே ரேகை வைத்துப் பணம் எடுக்கிற கைமெஷின் வைத்திருக்கிறார்கள்.

"ஏக்கா, ஊர்லயே எடுக்கலாமே?"

"எங்க தம்பி! ரெண்டு நாளா சுத்துது சுத்துதுங்கறான். ஒருக்கா ரேகை விழலங்கறான், ஒருக்கா டவரு இல்லங்கறான்."

"பஸ்ஸு ஓசின்னு கெளம்பி வந்துட்டீகளாக்கும்?" என்று விளையாட்டாய்க் கேட்டுவிட்டேன்.

"பஸ்ஸு ஓசிதான் தம்பி. எம்பொழுது ஓசியா?"

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு எதிரே போட என்னிடம் முத்திரை இல்லை. எடுக்க வந்தது ஐந்நூறு ரூபாய். போனது ஒரு நாள் கூலி.

ரேகை தேய்ந்து விழாததும் உண்டு, டவர் இல்லாமல் விழாததும் உண்டு. அக்காவுக்கு ரெண்டும் ஒன்றுதான். 'இல்லை' என்று ஒரு பதில். ஆனால் கேள்வி கேட்கிற நமக்கு ரெண்டும் ஒன்றல்ல. முதலாவது உடம்பின் மேல் ஏற்றிய குற்றம். இரண்டாவது பங்கீட்டின் குற்றம்.

ரேஷன் கடையில் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாடு முழுக்க ரேகை வைக்கச் சொன்னார்கள். நூறுநாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலையிடத்திலும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். படம் ஏறாததால் செய்த வேலைக்குக் கூலி போய்விட்டது என்று பல மாநிலத் தொழிலாளர்கள் அந்த வருஷம் தில்லி ஜந்தர் மந்தரில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். அரசு உரிமையை அலைமேல் ஏற்றிவிட்டது. அலையில் உரிமைக்கு இடம் ஒதுக்கவில்லை.

4

கோபுரத்துக்கு வகுப்புப் பிரிக்கவே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 4ஜி தரத்தை முதலில் வகுத்தபோதே ஒன்பது வகுப்புகள் வைத்தார்கள். மனு வைத்தது நாலு, வெளியே நிறுத்தியது நம்மை. இங்கே ஒன்பது. பேச்சு முதல் வகுப்பு. சாதாரண இணையம் வழக்கமாகக் கடைசி வகுப்பு. பேச்சு தடைபடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, அதில் தப்பில்லை. ஆனால் வகுப்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதை விலைக்கு விற்கிறவனும் பின்னாலேயே வருவான்.

வந்தான். ஏர்டெல் 'பிளாட்டினம்' என்றும், வோடஃபோன் ஐடியா 'ரெட்எக்ஸ்' என்றும் திட்டம் போட்டன. கூடக் காசு கொடுக்கிற வாடிக்கையாளருக்கு வேகத்தில் முன்னுரிமை. 2020 ஜூலையில் டிராய் நிறுத்தி வைக்கச் சொன்னது. கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போனது. டிராய் கேட்டதன் சாரம் எளிமையானது. கண்மாயில் தண்ணீர் அதே அளவுதான், ஒருவனுக்கு முன்னால் பாய்ச்சினால் மற்றவன் வயல் காயாதா?

அதற்கு முன்னால், 2015 பிப்ரவரியில், ஃபேஸ்புக்கும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து ஆறு மாநிலங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. தமிழ்நாடும் அதில் ஒன்று. பின்னால் அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர். ஏழைக்கு இலவச இணையம், ஆனால் நாங்கள் பொறுக்கிய சில தளங்கள் மட்டும். நமக்கு இந்தத் தருமம் புதிசில்லை. 1927-ல் மகாத் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தது தாகத்துக்காக மட்டுமல்ல. பொதுக்குளத்தில் எனக்கு உரிமை உண்டா என்பது கேள்வி. தனிக்கிணறு வெட்டித் தருகிறேன் என்பது அதற்குப் பதிலாகாது. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், உள்ளடக்கத்தைப் பார்த்து விலையை மாற்றுவதைத் தடை செய்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு வேகத்துக்கும் அதே நியாயத்தை ஏற்றுக்கொண்டது. நெரிசலைச் சமாளிக்க நிறுவனம் ஏதாவது செய்தால் அது அளவோடும், தற்காலிகமாகவும், வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 'சிறப்புச் சேவை' என்கிற வாசலை விதிக்கு வெளியே திறந்து வைத்தார்கள். 2022 அக்டோபர் 1-ல் தொடங்கிய 5ஜி-யில் ஒரே அலையைத் தனித்தனி அடுக்குகளாக அறுத்து, அடுக்குக்கு ஒரு தரம் கொடுக்க முடியும். வாசல் எவ்வளவு அகலம் என்பதுதான் இனிமேல் சண்டை.

இதே மாதிரி அமெரிக்காவில் 2015 நவம்பரில் டி-மொபைல் 'பிஞ்ச் ஆன்' என்று ஒன்று செய்தது. வீடியோவை அடையாளம் கண்டு வேகத்தைக் குறைத்தது, பட்டியலில் சேர்ந்த தளங்களுக்கு மட்டும் டேட்டாக் கணக்கு இல்லை என்றது. பட்டியலில் சேராத வீடியோவின் வேகமும் குறைந்தது, சலுகை கிடைக்கவில்லை. அதில் ஒரு நல்லதும் இருந்தது. வேண்டாமென்றால் வாடிக்கையாளரே அணைத்து வைக்கலாம்.

இப்போது நீர்க்கட்டிக்குத் திரும்புவோம். 2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தை ஜியோசினிமாவில் 3 கோடிக்கு மேற்பட்டோர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அதில் நம் பிள்ளைகளும் உண்டு, நானும் உண்டு. கிரிக்கெட் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் படம் காட்டுகிறவனும் கோபுரம் வைத்திருக்கிறவனும் ஒரே முதலாளி வீடு. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அதுவும் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில்தான், அலை பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. பொதுக்கண்மாயின் மடைச் சாவியை, தலைமடையில் நூறு ஏக்கர் வைத்திருப்பவன் இடுப்பில் செருகியிருக்கிறான். அவனுடைய மென்பொருளுக்கு 'உள்ளடக்கம் அறிகிற' கண்ணையும் கொடுத்தால் எந்த உள்ளடக்கம் அதன் கண்ணில் முதலில் படும்? அவன் தப்புச் செய்தான் என்று நான் சொல்லவில்லை. செய்தால் கண்டுபிடிக்க நம்மிடம் வழி இல்லை என்கிறேன். பங்கீட்டு விதியை நமக்குக் காட்டுவதில்லை.

இன்னொன்று. வன்கொடுமை நடக்கிறபோது நம் பையன் கையிலிருக்கிற ஆயுதம் போன்தான். அவன் எடுக்கிற வீடியோ கீழிருந்து மேலே ஏற வேண்டும். மேலே ஏறுகிற பாதை பொதுவாகக் கீழே வருகிற பாதையைவிடக் குறுகல். அதைக் கோபுரம் 'வீடியோ, அவசரமில்லை, காத்திருக்கட்டும்' என்று வகைப்படுத்தினால்? எது பொழுதுபோக்கு, எது சாட்சி என்று எந்த மென்பொருள் சொல்லும்? நம் பறையடிப்பைச் சத்தம் என்றும் அவர்கள் வாத்தியத்தைச் சங்கீதம் என்றும் வகைப்படுத்திய நாடு இது.

5

"அப்படியானால் கண்ணே வேண்டாம், எல்லாத் தகவலும் சமம், கோபுரம் குருடாகவே இருக்கட்டும்" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் உடன்படவில்லை. இந்த வாதத்தை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். "சாதி பாக்காதீங்க சார், மார்க்கை மட்டும் பாருங்க" என்று சொல்கிறவன் யார்? தலைமடைக்காரன்.

அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு குருடு அல்ல. யாருக்கு இதுவரை பாயவில்லை என்று பார்த்துப் பங்கிடச் சொல்கிறது. பஸ்ஸில் பெரியவர் பார்ப்பதும் பார்வைதான், சட்டம் பார்ப்பதும் பார்வைதான். பெரியவர் ஒதுக்குவதற்காகப் பார்க்கிறார், கமுக்கமாகப் பார்க்கிறார், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் சேர்ப்பதற்காகப் பார்க்கிறது, எழுதி வைத்துப் பார்க்கிறது, கோர்ட்டில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். சண்டை கண்ணோடு அல்ல. எழுதாத விதியோடு.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது.

காசுக்கும் சொந்தத்துக்கும் முன்னுரிமை கிடையாது. முன்னுரிமை தேவைக்கு மட்டும். எந்தக் கம்பெனி அனுப்பினாலும் ஒரே வகைத் தேவைக்கு ஒரே வரிசை. தன் போனில் எது அவசரம் என்று மாற்றிக்கொள்கிற உரிமை போன் வைத்திருக்கிறவருக்கு.

கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. பிரிக்கவும் அவசியமில்லை. ரேஷன் மெஷினும் ஊரில் பணம் கொடுக்கிற கைமெஷினும் தனி சிம்மில் ஓடுகின்றன. அந்த சிம்முக்கு முன்வரிசை கொடுத்தால் போதும். அதில் போகிற கிலோபைட்டுகளால் யாருடைய கிரிக்கெட்டும் நின்றுவிடாது.

அலை இல்லாவிட்டால் உரிமை இல்லை என்பது ஒழிய வேண்டும். டவர் இல்லையென்றால் நோட்டில் எழுதிக் கொடு. பழுதுக்கு விலை கொடுக்க வேண்டியது இயந்திரம் வைத்தவன், ரேகை வைத்தவள் அல்ல.

சராசரியைக் காட்டாதே, கடைமடையைக் காட்டு. டிராய் 2024-ல் போட்ட சேவைத்தர விதிப்படி நிறுவனங்கள் எங்கெங்கே தங்கள் அலை எட்டுகிறது என்று வரைபடம் வெளியிட வேண்டும். வரைபடத்தில் காலனியும் பச்சையாகத்தான் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு அந்தப் பச்சையில் எவ்வளவு பாய்கிறது? கோபுரவாரியாக, மணிவாரியாக, மிகக் குறைவாகப் பெறுகிற பத்தில் ஒரு பங்குப் பேருக்கு என்ன கிடைத்தது என்று போடு. அதோடு பங்கீட்டு விதியையும் போடு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்த் தெருவிலும் காலனியிலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி போனில், ஒரே கம்பெனி சிம்மில் வேகத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ரேஷன் மெஷின் எத்தனை தடவை சுத்தியது என்றும் எழுதுங்கள். ஒரு மாசம் எழுதினால் அது புலம்பல் இல்லை, ஆவணம். நம் தெருக்களிலிருந்து பொறியியல் படித்துவிட்டு வேலைக்கு அலைகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். இந்தப் பங்கீட்டுச் சூத்திரங்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். அந்த 1 முதல் 5 மதிப்பெண்ணில் நிலக்கோட்டை அக்காவின் ஒரு நாளை எந்த இடத்தில் எழுதுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இத்தனை காலம் நம்மிடம் கேட்டார்கள், ஊர்ல எந்தப் பக்கம் என்று. இனி நாம் கோபுரத்திடம் கேட்போம். நீ எந்தப் பக்கம்?